டபரா தீசிஸ்!

“டாக்டரம்மா... இன்குபேட்டருக்குள்ள யாரு காபிக்கடை போட்டது?”

காலை 8.30 மணிக்கு மைக்ரோபயாலஜி லேப் அண்ணன் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்ட கேள்வி இது. பதில் சொல்ல வாய் வரவில்லை. காரணம், கடை என்னுடையதுதான். முந்தின நாள் சாயங்காலம் கள்ளிச்சொட்டாய் ஒரு ஃபில்டர் காபி கலந்து, அதில் சின்னச் சின்னப் பல்கலர் குச்சிகளைப் போட்டு, 37 டிகிரியில் வைத்துவிட்டு ஹாஸ்டலுக்குப் போய்விட்டேன். 37 டிகிரி என்பது நம் உடம்புச் சூடு. பல் வாழ்கிற வெப்பநிலை. ஆனால் பாக்டீரியாவும் அதே வெப்பநிலையில்தான் குஜாலாக வாழும் என்பது ரெண்டாம் வருஷ மைக்ரோபயாலஜியில் பாஸான எனக்கு ஏன் தோன்றவில்லையோ! பால் திரிந்து, மேலே ஏடு கட்டி, லேப் முழுக்க நாறித் தொலைத்தது. அன்றைக்கு முழுக்க எனக்குப் பேரே ‘காபிக்கடை டாக்டர்’தான்.

இப்படித்தான் ஆரம்பித்தது என் எம்.டி.எஸ். தீசிஸ்.

பல் டாக்டர் படிப்பு என்றால் பல் பிடுங்குவது, வேர் சிகிச்சை, கட்டுப் பல் என்றுதான் ஊரில் நினைக்கிறார்கள். பட்டமேற்படிப்பில் மூன்று வருஷம் குப்பை கொட்டினால் ஒரு தீசிஸும் கொடுத்தாக வேண்டும் பாஸ். என் தலைப்பு, ‘பல் நிறக் காம்போசிட் ஃபில்லிங்கின் வலிமையும் நிற நிலைத்தன்மையும்’. தமிழில் சொல்வதென்றால், சொத்தையை எடுத்துவிட்டு அடைக்கிறோமே, அந்த வெள்ளைச் சாமான் காபியில், டீயில், மஞ்சளில் ஊறினால் எத்தனை பலமாக இருக்கும்? நிறம் என்ன ஆகும்?

கைடு மேடத்திடம் இந்தத் தலைப்பைச் சொன்னபோது, “இது ஏற்கெனவே ஆயிரம் பேர் பண்ணினதாச்சே, ஏன் இதுவே?” என்று கேட்டார். “நம்ம ஊர் காபில யாரும் சரியா பண்ணலை மேடம்” என்று சமாளித்தேன். உண்மைக் காரணம் கும்பகோணத்தில் இருந்தது. என் அம்மா.

பி.டி.எஸ். முடித்து ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது அம்மாவின் முன்பல் ஓரம் லேசாக உடைந்துவிட்டது. “நம்ம பொண்ணே டாக்டர், வெளில எதுக்குக் காசு குடுக்கணும்?” என்று பெருமையாகப் பஸ் ஏறி வந்தார். நானும் அடைத்துவிட்டேன். கண்ணாடியில் பார்த்துவிட்டு, “எது ஒரிஜினல்னே தெரியலைடி!” என்றார். அன்றைக்கு எனக்குக் கிடைத்த அந்த ஒரு வரிக்கு யுனிவர்சிட்டி கோல்டு மெடலே கால் தூசி.

ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போகிறேன், அம்மா சிரிக்கிறார், பல்லில் பிறை மாதிரி ஒரு பழுப்புத் துண்டு! அப்புறம் அத்தை பையன் கல்யாண வீடியோவைப் போட்டுப் பார்த்தால், எல்லா ஃபிரேமிலும் அம்மா உதட்டை மூடிக்கொண்டு சிரிக்கிறார். கேமரா பக்கத்தில் வந்தால் முந்தானை வாய்க்குப் போகிறது. மனசு என்னவோ செய்தது. ஆனால் நான் என்ன சொன்னேன் தெரியுமா? “ஒரு நாளைக்கு நாலு டம்ளர் காபி குடிச்சா அப்படித்தாம்மா ஆகும். குறை.”

அம்மா குறைத்தார். நாலு டம்ளர் ஒரு டம்ளர் ஆச்சு. கும்பகோணத்துக்காரங்களிடம் அதைச் சொல்லிப் பாருங்கள், அந்தத் தியாகம் புரியும்.

சரி, சாமானுக்கு வருவோம். காம்போசிட் என்பது பாதி பிளாஸ்டிக், பாதி கண்ணாடி என்று தோராயமாக வைத்துக்கொள்ளுங்கள். எடையில் பார்த்தால் முக்கால் பாகத்துக்கு மேலேகூட கண்ணாடிப் பொடிதான் இருக்கும். நடுவில் பிஸ்-ஜி.எம்.ஏ. என்கிற பிசின். அமெரிக்காவின் ராஃபேல் போவன் இதற்கு 1962-ல் காப்புரிமை வாங்கினார். பொடியும் பிசினும் ஒட்டிக்கொள்ள சைலேன் என்று ஒரு பூச்சு. பிசின் ரொம்பக் கெட்டியாக இருப்பதால் அதை இளக்க இன்னொரு மெல்லிய பிசின், டி.இ.ஜி.டி.எம்.ஏ. இந்த இளக்கி கொஞ்சம் தண்ணி பார்ட்டி. தண்ணீரைக் கண்டால் உள்ளே இழுத்துக்கொள்ளும். தண்ணீர் போகிற வழியில் காபியும் போகும் இல்லையா? கதையே அதுதான். உள்ளே போன தண்ணீர் பிசினை இளக வைக்கும், கண்ணாடிப் பொடிக்கும் பிசினுக்கும் நடுவே இருக்கிற பிடியைத் தளர்த்தும். ஆக நிறம் போகிற வாசலும் பலம் போகிற வாசலும் ஒன்றே.

இதையெல்லாம் கெட்டியாக்குவது நீல விளக்கு. டாக்டர் ஆரஞ்சுக் கண்ணாடித் தகட்டைப் பிடித்துக்கொண்டு வாய்க்குள் ‘பீப்... பீப்’ என்று அடிப்பாரே, அதே. அந்த வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு வேலையை ஆரம்பித்து வைப்பது கேம்ஃபர்குவினோன் என்ற பொடி. வேடிக்கை என்னவென்றால், அந்தப் பொடியே மஞ்சள் நிறம். வெளிச்சம் சரியாகப் பட்டால் அது வேலை முடிந்து வெளுத்துவிடும். படாவிட்டால் மஞ்சளாகவே உள்ளே உட்கார்ந்திருக்கும். இந்த விஷயத்தைப் பரீட்சையில் ரெண்டு மார்க்குக்கு எழுதியிருக்கிறேன். எழுதினேனே தவிர யோசிக்கவில்லை.

வலிமை டெஸ்டுக்கு ஐ.எஸ்.ஓ. 4049 என்று ஒரு சர்வதேச விதி. 25 மில்லிமீட்டர் நீளம், 2 மி.மீ. அகலம், 2 மி.மீ. உயரம் கொண்ட குச்சிகள் செய்ய வேண்டும். தீக்குச்சியைப் பாதியாக உடைத்து ஓரத்தைச் சீவிய மாதிரி இருக்கும். லேத் பட்டறையில் போய், “அண்ணே, ரெண்டாப் பிரியற மாதிரி ஒரு ஸ்டீல் அச்சு வேணும்” என்று படம் போட்டுக் காட்டினேன். “எந்த வண்டிக்கு மேடம்?” என்றார். “பல்லுக்கு” என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவே இல்லை, வேலையை மட்டும் பக்காவாக முடித்துக் கொடுத்தார்.

விளக்கின் முனை குச்சியின் நீளத்தில் பாதிகூட வராது. அதனால் நடுவில் ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, அடித்த இடத்தின் மேலேயே பாதி ஏறி அடிக்க வேண்டும். ஒரு பக்கம் முடித்துத் திருப்பிப் போட்டு மறுபக்கம். ஒரு குச்சிக்குக் கிட்டத்தட்ட 0.2 கிராம் சாமான். ஒரு சிரிஞ்சில் 4 கிராம்தான் இருக்கும், விலையோ ஸ்டைபண்டைக் கடிக்கும். குமிழி வந்த குச்சியைத் தூக்கிப் போடும்போதெல்லாம் ஒரு பிரியாணியைத் தூக்கிப் போடுகிற மாதிரியே இருக்கும்.

மொத்தம் 40 குச்சிகள். காபியில் 10, டீயில் 10, மஞ்சள் கரைசலில் 10, சும்மா டிஸ்டில்டு வாட்டரில் 10. இந்தத் தண்ணீர் கோஷ்டிக்குக் கண்ட்ரோல் குரூப் என்று பேர். மற்ற மூன்றையும் ஒப்பிட்டுப் பார்க்கிற அளவுகோல். பால் விவகாரத்துக்குப் பிறகு காபி வெறும் டிகாக்‌ஷன் ஆகிவிட்டது. “எங்கம்மா டிகாக்‌ஷனைத் தனியாவா குடிக்கறாங்க?” என்று மனசுக்குள் ஒரு உறுத்தல். பாலில் இருக்கிற கேசின் என்ற புரதம் கறைச் சாமானைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பால் சேர்த்த டீயில் கறை குறைவு என்பதும் தெரிந்ததுதான். ஆனால் நாறுகிற தீசிஸை யார் படிப்பார்கள்? தினமும் காலையில் புது டிகாக்‌ஷன், புது டீ, புது மஞ்சள். 15 நாள். 24 மணி நேரம் காபியில் ஊறுவது ஏறக்குறைய ஒரு மாசம் காபி குடிப்பதற்குச் சமம் என்று ஒரு கணக்கு எங்கள் ஆராய்ச்சிகளில் உண்டு. ஒரு கப்புக்கு 15 நிமிஷம், ஒரு நாளைக்கு 3 கப்புக்குக் கொஞ்சம் மேலே என்று போட்ட கணக்கு. அந்த வகையில் என் குச்சிகள் ஒன்றேகால் வருஷம் காபி குடித்தன. அம்மாவின் ஃபில்லிங் அதைவிடக் கம்மி நாளிலேயே ‘பெப்பே’ காட்டிவிட்டது என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை.

குச்சிகளை ஒடிக்க ஒரு இன்ஜினீயரிங் காலேஜ் மெக்கானிக்கல் லேபுக்குப் போனேன். யு.டி.எம். என்று ஒரு யானை மெஷின். இரும்புக் கம்பியை இழுத்து அறுக்கிற ஜாதி. அதில் சின்ன செல் மாட்டி, 20 மி.மீ. இடைவெளியில் ரெண்டு தாங்கி வைத்து, அதன்மேல் என் குச்சியைக் குறுக்கே படுக்கவைத்தார் லேப் அண்ணன். மேலேயிருந்து ஒரு முனை நடுவில் இறங்கும். நிமிஷத்துக்கு முக்கால் மில்லிமீட்டர். நத்தை ஜெட் விமானம் மாதிரி தெரியும் வேகம். கம்ப்யூட்டரில் கோடு ஏறிக்கொண்டே போகும், நாமும் மூச்சைப் பிடித்துக்கொண்டே நிற்போம். ஒரு நிமிஷத்துக்குள் ‘டிக்’. அவ்வளவுதான். கடைவாயில் அடைக்கிற காம்போசிட்டுக்கு ஐ.எஸ்.ஓ. கேட்கிற குறைந்தபட்ச மார்க் 80 மெகா பாஸ்கல். கேட்கப் பெரிசாக இருக்கிறதா? என் குச்சி சைஸுக்குக் கணக்குப் போட்டால் வெறும் 21 நியூட்டன். நடுவில் ரெண்டு கிலோ வெங்காயப் பையைத் தொங்கவிட்டால் தாங்க வேண்டும், அவ்வளவே!

காபிக் குச்சிகள் பாஸ். டீ பாஸ். மஞ்சள் பாஸ். கடைசியில் தண்ணீர். ‘டிக்’. ‘டிக்’. ‘டிக்’. பத்தில் ஆறு 80-ஐத் தொடவே இல்லை!

“மேடம், தண்ணில ஊறினதுதான் முதல்ல ஒடியுது. அப்ப காபி குடிச்சா பல்லு ஸ்ட்ராங்கா?” என்றார் லேப் அண்ணன் அப்பாவியாக. எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

ஹாஸ்டலுக்கு வந்து சீனியர் அண்ணாவுக்கு போன் போட்டேன். தீசிஸ் சமர்ப்பிக்க 50 நாள்தான் பாக்கி. நடுவில் மாடல் எக்ஸாம், கேஸ் பிரசன்டேஷன், ஓ.பி. டியூட்டி. அவர் ரொம்பக் கூலாகச் சொன்னார்: “இதுக்கா டென்ஷன் ஆகறே? அந்த ஆறையும் ‘குமிழி இருந்துச்சு, நீக்கிட்டோம்’னு எழுதிடு. இல்லேன்னா எக்ஸெல்ல ஒரு இருபது இருபது கூட்டிக்கோ. எக்ஸாமினர் ஹால்ல உக்காந்து குச்சியை ஒடிச்சா பார்க்கப் போறார்?”

ஒரு விஷயம் சொல்கிறேன், என்னைத் தப்பாக நினைக்காதீர்கள். நான் எக்ஸெல்லைத் திறந்தேன். ராத்திரி 11 மணிக்கு, ரூம் மேட் குறட்டை விட்டுக்கொண்டிருக்க, அந்த முதல் கட்டத்தில் 71 என்று இருந்ததை 91 ஆக்கினேன். ஒரே ஒரு கட்டம்தான். ஏழு ஒன்பதாச்சு. கம்ப்யூட்டருக்கு ஒரு வருத்தமும் இல்லை. ‘சேவ் பண்ணட்டுமா?’ என்று மட்டும் கேட்டது.

குமிழி என்று எழுதலாம் என்றால், குமிழியே இல்லையே! குமிழி இருந்த குச்சியை ஒடிப்பதற்கு முன்னாடியே பார்த்துத் தள்ளிவிடுவது வழக்கம். நானும் தள்ளியிருந்தேன். அத்தனை பிரியாணி போனது அப்படித்தான். ஒடிந்து மார்க் கம்மியாக வந்த பிறகு, ‘இதில் குமிழி இருந்திருக்கும்’ என்பது ஆட்டம் முடிந்து ஸ்கோரைத் திருத்துகிற கதை. ஆனால் அப்போது என்னைத் தடுத்தது நேர்மை என்றெல்லாம் ரீல் விட மாட்டேன். குறுகுறுப்பு. ஏன் இந்த பத்து மட்டும்? ஒரே சாமான், ஒரே அச்சு, ஒரே கை. தண்ணீரில் என்ன விஷமா கலந்திருந்தது?

சேவ் பண்ணாமல் மூடிவிட்டு நோட்டை எடுத்தேன். முதல் வருஷத்திலேயே மேடம் போட்ட கண்டிஷன் அது, என்ன செய்தாலும் தேதி, நேரம் எழுத வேண்டும். புரட்டினால், காபிக் குச்சிகள் திங்கள் காலை. டீ செவ்வாய். மஞ்சள் புதன். தண்ணீர் பத்தும் வெள்ளி சாயங்காலம், ஓ.பி. முடிந்த பிறகு. பக்கத்திலேயே என் கிறுக்கல்: ‘கிளினிக் லைட், 2-ம் நம்பர்’.

மறுநாள் காலை எட்டு மணிக்கு கிளினிக்கில் நான்தான் முதல் ஆள். 2-ம் நம்பர் விளக்கை எடுத்து முனையைத் திருப்பிப் பார்த்தேன். கண்ணாடி முனையில் அரை நிலா மாதிரி பழைய காம்போசிட் ஒட்டிக் காய்ந்து கல்லாகியிருந்தது! யாரோ எப்பவோ ஃபில்லிங்கில் முட்டியிருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ, நானாகவும் இருக்கலாம். அதன்மேல் பிளாஸ்டிக் உறை மாட்டியே பழகியதால் யாரும் கவனிக்கவில்லை. ரேடியோமீட்டரில் வைத்தால் முள் பாதிகூட ஏறவில்லை. ‘பீப்’ சத்தம் மட்டும் ஜோராக வந்தது. நீல வெளிச்சமும் ஜோராகத்தான் தெரிந்தது. கண்ணுக்கு ஏதாவது வித்தியாசம் தெரியணுமே, ம்ஹூம்!

என் தண்ணீர்க் குச்சிகள் தண்ணீரால் வீக் ஆகவில்லை. பிறக்கும்போதே அரைவேக்காடு.

மேடத்திடம் விளக்கையும் நோட்டையும் கொண்டுபோய் வைத்தேன். 91 கதையையும் சொல்லிவிட்டேன் (அது மட்டும் மெதுவாக, தலையைக் குனிந்துகொண்டு). திட்டு விழும் என்று காத்திருந்தேன். விழுந்தது, ஆனால் வேற விஷயத்துக்கு. “குரூப் குரூப்பா ஏம்மா பண்ணே? நாலு குரூப்பையும் கலந்து இல்ல பண்ணியிருக்கணும்? விளக்கு, நாள், உன் கை அசதி, எல்லாமே எல்லா குரூப்புக்கும் சமமாப் போயிருக்குமே!” எத்தனை பெரிய பல்பு! புள்ளியியல் கிளாஸில் ‘ரேண்டமைசேஷன்’ என்று டெஃபனிஷன் ஒப்பித்த வாய் இது. பிறகு விளக்கைக் கையில் வாங்கிப் பார்த்தார். அதைத் துடைக்கப் போன என்னைத் தடுத்தார். “இரு, இரு. இந்த முனையைச் சுத்தம் பண்ணாதே. இது வேணும்.”

அடுத்த மூன்று நாள் நான் தூங்கினேனா என்று தெரியாது. சீட்டு எழுதிக் குலுக்கிப் போட்டு, வருகிற சீட்டுப்படி குச்சி செய்தேன். ஒரு காபி, ஒரு தண்ணி, ரெண்டு மஞ்சள், ஒரு டீ... ஏலச்சீட்டு நடத்துகிற மாதிரி. ஒவ்வொரு பத்துக்கும் முன்னாடி விளக்கை மீட்டரில் வைத்துப் பார்த்தேன். நிறம் பார்க்க 40 வட்டத் தகடுகள், பத்து மி.மீ. அகலம், ரெண்டு மி.மீ. கனம். அதற்கு மேல் மேடம் சொன்ன ஸ்பெஷல் அயிட்டம், அதே அழுக்கு விளக்கில் அடித்த 10 தகடுகள். இவையும் காபிக்கு.

நிறத்தைக் கண்ணால் பார்த்து எழுத முடியாது. அதற்கு ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் வேண்டும். பி.டி.எஸ். தோழியின் அண்ணன் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறை லேபில் இருக்கிறார். பனியன் துணி ஷேட் பார்க்கிற அதே மெஷினில் பல்லும் பார்க்கலாம், சின்னத் துளைத் தகடு மாட்டி, பின்னால் வெள்ளை ஓடு வைத்தால் போதும். ஊற வைப்பதற்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை. ரெண்டு தடவையும் ராத்திரி பஸ்ஸில், மாத்திரை டப்பாக்களில் நம்பர் ஒட்டிய தகடுகளை மடியில் வைத்துக்கொண்டு போனேன். மஞ்சள் தகடுகளுக்கு மட்டும் கறுப்புப் பேப்பர் சுற்றினேன். மஞ்சள் கறை பட்ட துணியை வெயிலில் போட்டால் கறை ஓடிவிடும் என்று நம் பாட்டிகளுக்கே தெரியும். குர்குமின் வெளிச்சத்தில் சிதைந்துவிடும். அப்புறம் என் மஞ்சள் குரூப் மெஷினிடம் போகும்போது ‘நான் ரொம்ப நல்லவன்’ என்று நிற்கும்.

மெஷின் ஒவ்வொரு தகட்டுக்கும் மூன்று எண் தரும். எல் என்றால் வெளிச்சம், ஏ என்றால் சிவப்பா பச்சையா, பி என்றால் மஞ்சளா நீலமா. முன்னாடி எடுத்த மூன்றுக்கும் பின்னாடி எடுத்த மூன்றுக்கும் நடுவே உள்ள தூரம்தான் டெல்டா ஈ. ஒன்பதாவதில் படித்த பிதாகரஸ்தான், ஒரு பக்கம் கூட. பல் உலகத்தில் 3.3-க்கு மேல் போனால் ஏற்க முடியாது என்று 1987-ல் ரூய்ட்டர் குழு சொன்னதை ரொம்ப காலம் எல்லாரும் பிடித்துக்கொண்டிருந்தார்கள். 2015-ல் வந்த ஒரு பெரிய ஆய்வு, பார்க்கிறவர்களில் பாதிப் பேருக்கு 1.2-லேயே வித்தியாசம் தெரிகிறது, 2.7-ஐத் தாண்டினால் பாதிப் பேர் ஏற்றுக்கொள்வதில்லை என்றது. “எங்களுக்கு 1-ஐத் தாண்டினாலே பையர் மூஞ்சியைத் திருப்பிக்குவாருங்க. உங்க வாயில 3 வரைக்கும் விடுவீங்களா?” என்று சிரித்தார் தோழியின் அண்ணன். ஒரு பனியனுக்குள்ள மரியாதைகூட அம்மா பல்லுக்கு இல்லையா என்று சுருக்கென்றது.

மஞ்சள் எதிர்பார்த்தபடியே அத்தனை பேரையும் தூக்கிச் சாப்பிட்டது. டீ தகடுகளை பிரஷ் போட்டுத் தேய்த்தால் பாதி நிறம் போயே போச்சு, காபி போகவில்லை. இதை 1991-லேயே உம், ரூய்ட்டர் என்ற இருவர் சொல்லியிருக்கிறார்கள். டீ மேலே உட்காரும், காபி உள்ளேயும் இறங்கும். நான் பார்க்க ஆசைப்பட்டது அந்த ஸ்பெஷல் பத்தைத்தான். மெஷினே தேவைப்படவில்லை. டப்பாவைத் திறந்ததுமே தெரிந்தது. நல்ல விளக்கில் வெந்த தகடுகள் வெளிறிய பழுப்பு. அழுக்கு விளக்குத் தகடுகள் அம்மா பல்லின் நிறம். அதே பிறை, அதே பழுப்பு.

சாயப்பட்டறை லேபின் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே எனக்கு அந்த ஹவுஸ் சர்ஜன் சாயங்காலம் ஞாபகம் வந்தது. ஒரு விளக்குக்கு நாலு பேர் க்யூ. அம்மாவுக்கு ஆறு மணி பஸ். 20 செகண்ட் அடிக்க வேண்டியதை எத்தனை அடித்தேன்? அந்த விளக்கின் முனையில் என்ன ஒட்டியிருந்தது? இப்போது யாருக்குத் தெரியும். ஆனால் ஒன்று நன்றாகத் தெரியும், நான் பாலிஷ் பண்ணவில்லை. ஃபில்லிங்கின் மேல் வைக்கிற மெல்லிய மைலார் பட்டையை உரித்ததும் பளபளவென்று கண்ணாடி மாதிரி இருந்தது. ‘இதுக்கு மேல என்ன பாலிஷ்?’ என்று விட்டுவிட்டேன். அந்தப் பளபளப்புதான் வில்லன். பட்டையை ஒட்டி நிற்பதில் கண்ணாடிப் பொடி குறைவு, பிசின் அதிகம். அதைத் தேய்த்து எடுக்காவிட்டால் கறைக்கு அதுதான் முதல் விருந்து. ஒரு வருஷத்துக்கு மேலாக அம்மா மூன்று டம்ளர் காபியை விட்டது என்னுடைய பத்து நிமிஷத்துக்காக.

யு.டி.எம். முடிந்தது. இந்தத் தடவை தண்ணீர்தான் முதலிடம். காபியும் டீயும் மஞ்சளும் கொஞ்சம் கீழே, ஆனால் நாலுமே 80-க்கு மேல். புள்ளியியல்படி பார்த்தால் நாலுக்கும் பெரிய சண்டை இல்லை. லேப் அண்ணனுக்கு ஏமாற்றம்தான். முதல் தடவை வந்த ஆறு தோல்விகளையும் தேதியோடு, விளக்கோடு தனி அத்தியாயமாகவே போட்டேன். 71 அப்படியே 71 ஆக. வைவாவில் எக்ஸாமினர் மற்ற பக்கங்களைப் புரட்டிவிட்டு அந்த இடத்தில்தான் நின்றார். “உங்க காலேஜ்ல இப்ப லைட்டை எத்தனை நாளைக்கு ஒரு தடவை செக் பண்றீங்க?” என்றார். “வாரா வாரம் சார்.” “யாரு?” “நான்தான் சார்.” பக்கத்தில் மேடம் தண்ணீர் குடிப்பது போல் சிரிப்பை மறைத்தார்.

போன மாசம் அம்மாவைச் சென்னைக்கு வரவைத்தேன். “இதையா திரும்ப நோண்டப் போறே? காபியை நிறுத்திட்டேனே, இன்னும் என்ன?” என்றார். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், “அது காபியால இல்லம்மா, நான் சரியாப் போடலை” என்று பட்டென்று சொல்லிவிட்டேன். அம்மா என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். “அப்ப ஒரு வருஷமா என் வாயைக் கட்டினது சும்மாவா?” என்றார். கோபம்தான். நியாயம்தானே! கொஞ்ச நேரம் கழித்து, “சரி, பொறுமையாப் பண்ணு. இன்னிக்கு எனக்கு பஸ் இல்ல” என்றார்.

ஷேட் கார்டை ஜன்னல் ஓரம் பகல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பழசை எடுத்தேன். ஒவ்வொரு அடுக்கும் மெல்லிசாக, ஒவ்வொரு அடுக்குக்கும் முழுசாக 20 செகண்ட். விளக்கின் முனையை மூன்று தடவை திருப்பிப் பார்த்ததைக் கண்டு, “என்னடி, அதுல ஏதாவது பூச்சியா?” என்றார் வாயைத் திறந்தபடியே. பாலிஷ் மட்டும் கால் மணி நேரம். டிஸ்க்கை மாற்றி மாற்றித் தேய்த்தேன். கண்ணாடியை நீட்டினேன். இந்தத் தடவை அம்மா ஒன்றும் சொல்லவில்லை. நாக்கால் தடவிப் பார்த்தார், பல்லைக் காட்டிச் சிரித்தார், அப்புறம் இன்னும் கொஞ்சம் சிரித்தார்.

“24 மணி நேரத்துக்கு மட்டும் காபி, டீ, மஞ்சக் குழம்பு வேணாம்மா. உள்ள இன்னும் கொஞ்சம் கெட்டிப்பட்டுக்கிட்டு இருக்கும். அதுக்கப்புறம் உன் இஷ்டம்.”

“எத்தனை டம்ளர் வேணாலுமா?”

“எத்தனை வேணாலும். ராத்திரி ஒழுங்கா பிரஷ் பண்ணணும், ஆறு மாசத்துக்கு ஒரு தடவை பாலிஷுக்கு வரணும்.”

மறுநாள் சாயங்காலம் ஓ.பி.யில் ஒருத்தருக்கு ஃபில்லிங் பாதியில் இருக்கும்போது செல் அடித்தது. கிளவுஸைக் கழற்றிவிட்டு எடுத்தேன். ஊருக்குப் போய்ச் சேர்ந்த அம்மா.

“நேத்து நாலு பத்துக்கு முடிச்சே. இப்ப மணி நாலு பதினொண்ணு. டிகாக்‌ஷன் இறக்கிட்டேன். குடிக்கலாமில்ல?”